சமயமும் குடியாட்சியும்: ஜெர்மனி நாட்டு வரலாறு தரும் படிப்பினை

ஓர் ஊரின் ஏரிக்குக் கரை ஒன்று; மடைகளோ பல. மழைக்காலத்து நள்ளிரவில் கரை கசிகின்றதென்று பறையொலி கேட்டபோது, ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்குரிய மடையைக் காக்கவே ஓடுவரேல், மடைகளெல்லாம் செவ்வனே காக்கப்பட்டிருக்கும். கரை மட்டும் உடைந்துவிடும். உடைந்தபின் அம்மடைகளால் ஆவது யாது? ஒரு நாட்டில் வாழும் பல்வேறு சமயத்தார்க்கும் கூட்டத்தார்க்கும் பொதுச்சட்டம் என்பது அவ்வேரிக்கரை போல்வது. அவரவர் பள்ளி, அவரவர் சங்கம், அவரவர் வழிபாட்டுரிமை என்பன மடைகள் போல்வன. கரையைக் கைவிட்டு மடையைக் காக்க முயன்று இரண்டனையும் இழந்தார் ஒரு நாட்டார். அவர்தம் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். நாடு ஜெர்மனி, காலம் 1918-ஆம் ஆண்டு முதல் 1934-ஆம் ஆண்டு வரை.

ஜெர்மனி கல்லாதார் நாடன்று. லூதர் விவிலியத்தைத் தாய்மொழியிற் பெயர்த்தளித்த நாடு அது. நம் திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்த கிரௌல் பிறந்ததும் அந்நாடே. அத்தகைய நாடு ஒரு கொடுங்கோலனிடம் எங்ஙனம் சிக்கிற்று என்று மாணாக்கர் வினவுங்கால், ஹிட்லர் என்பான் படை திரட்டி ஆட்சியைக் கவர்ந்தான் என்று விடை கூறி யாமும் பல்லாண்டு அமைந்திருந்தோம். வரலாற்றை ஊன்றிப் படித்த பின்னரே அவ்விடை பிழையென உணர்ந்தோம். படைகொண்டு கவர அவன் 1923-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மூனிக் நகரில் முயன்றதுண்டு. அப்பொழுது தோற்றுச் சிறை புகுந்தான். பத்தாண்டு கழித்து அவன் ஆட்சிக்கு வந்தபோதோ, சட்டத்தின் வாயிலாகவே வந்தான். நன்மக்கள் பலர் தம் கையாலேயே கதவைத் திறந்துவிட்டனர். அவர்களுட் சமயப்பற்று மிக்காரும் பலராவர். அவர் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதே யாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஜெர்மானியருள் மூன்றில் இரண்டு பங்கினர் புரொட்டஸ்டாண்டுச் சபையினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். யூதர் நூற்றுக்கு ஒருவரினும் குறைந்த தொகையினர். முடியாட்சிக் காலத்திற் பிரஷ்ய நாட்டு மன்னரே அந்நாட்டுப் புரொட்டஸ்டாண்டுச் சபைக்கும் தலைவர். அரியணையும் பலிபீடமும் இணைந்தே நிற்கும் என்பது அச்சபைப் பாதிரிமாரின் உள்ளத்தில் வழிவழி ஊறிய கொள்கை. கத்தோலிக்கர் நிலையோ வேறு. 1870-களில் முதன் மந்திரி பிஸ்மார்க் அவர்மேற் பகைகொண்டு கடுஞ்சட்டங்கள் பல இயற்றினார். 1872-இல் இயேசு சபைக் குருமார் நாட்டினின்றும் விலக்கப்பட்டனர்; மேற்றிராணிமார் சிலர் சிறையும் புகுந்தனர். தம் சமயத்தைக் காத்தற்பொருட்டு 1870-இல் அவர் கண்ட கட்சியே மத்தியக் கட்சி எனப்படுவது. அடிபட்ட கூட்டத்தார் ஒன்றுகூடித் தமக்கென ஒரு கட்சி காண்பது இயல்பே. அதனைக் குறையென்று யாம் கூறோம். ஆயின், மீண்டும் அடிபடுவோமோ என்னும் அச்சம் அக்கட்சியின் உள்ளத்தை அறுபதாண்டு கழிந்தும் விட்டு நீங்கவில்லை. இதனை அன்பர்கள் நினைவிற் கொள்க.

1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. பேரரசர் முடி துறந்தார். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட அரசியல் சட்டம், அதனை இயற்றிய அவை கூடிய ஊரின் பெயரால் வைமார் சட்டம் என வழங்கிற்று. ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் வாக்குரிமை, பேச்சுரிமை, கூட்டுரிமை ஆகியவற்றை அது வழங்கிற்று. அரசுக்கெனத் தனிச்சபை இல்லை என்று கூறிய அச்சட்டமே, எல்லாச் சபைகளுக்கும் தம் காரியத்தைத் தாமே நடத்தும் உரிமையும், தம் உறுப்பினரிடம் வரி பெறும் உரிமையும், பள்ளிகளிற் சமயபாடம் நடத்தும் உரிமையும் நல்கிற்று. மன்னர் காலத்தினும் மிகுந்த உரிமையைச் சமயங்கள் இக்குடியாட்சியிலேயே எய்தின என்று கூறுதல் மிகையாகாது.

எனினும், புரொட்டஸ்டாண்டுப் பாதிரிமாருட் பெரும்பாலார்க்கு இப்புதிய அரசின்மேல் அன்பு பிறக்கவில்லை. மன்னரை இழந்த துயரே அவர் நெஞ்சை நிறைத்தது. குடியாட்சி, தோல்வியிற் பிறந்த குழந்தை என்றும், கடவுளை மறுப்போர் வளர்த்த குழந்தை என்றும் அவர் எண்ணினர். கத்தோலிக்கரோ மந்திரிசபைகளில் இடம்பெற்று நாட்டை நடத்துதற்குத் துணைநின்றனர். அத்துணைக்கு அவர் பெரும்விலை கொடுத்ததும் உண்டு. போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவர் மத்தியக் கட்சித் தலைவருள் ஒருவராகிய எர்ஸ்பெர்கர். அப்பழிக்காகவே 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கொடியோர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

சமயப் பிணக்கு நாட்டின் பொதுநலத்தை எவ்வாறு விழுங்கும் என்பதற்கு 1925-ஆம் ஆண்டுத் தேர்தல் தக்க சான்றாகும். குடியரசுத் தலைவர் பதவிக்கு இருவர் முதன்மையாகப் போட்டியிட்டனர். ஒருவர் மத்தியக் கட்சியினரும் குடியாட்சிப் பற்றுடையவருமாகிய வில்ஹெல்ம் மார்க்ஸ். மற்றவர் முடியாட்சிப் பற்றுடைய முதிய படைத்தலைவர் ஹிண்டன்பர்க். கத்தோலிக்கர் ஒருவர் நாட்டுத் தலைவராதலைப் பொறாத புரொட்டஸ்டாண்டார் பலர் ஹிண்டன்பர்க்கை ஆதரித்தனர். பவேரியா நாட்டுக் கத்தோலிக்கக் கட்சியோ, மார்க்ஸ் சமூக ஜனநாயகக் கட்சியாருடன் சேர்ந்தவர் என்பதனால், தம் சமயத்தவரைக் கைவிட்டு அப்படைத்தலைவரையே ஆதரித்தது. பொதுவுடைமைக் கட்சியார் தனியே ஒருவரை நிறுத்தி ஏறத்தாழ 19 இலட்சம் வாக்குகளைப் பிரித்தனர். ஹிண்டன்பர்க் பெற்றவை ஏறத்தாழ 146 இலட்சம். மார்க்ஸ் பெற்றவை ஏறத்தாழ 137 இலட்சம். குடியாட்சியின் சாவி, அதனை விரும்பாதார் ஒருவர் கைக்கு இவ்வாறு சென்றது.

அச்சாவியின் பெயர் 48-ஆம் பிரிவு. நாட்டின் அமைதிக்குப் பேரிடர் நேருங்கால், பிரதிநிதி சபையைக் கேளாமலே தலைவர் அவசர ஆணை பிறப்பிக்கலாம் என்பது அதன் கருத்து. ஆணையை நீக்கும் உரிமை பின்னர்ச் சபைக்கு உண்டு. 1929-இல் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது ஜெர்மனி பெரிதும் வாடிற்று. 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 60 இலட்சம். 1930-இல் முதன் மந்திரியான புரூனிங் மத்தியக் கட்சியினர். ஒழுக்கமும் சமயப்பற்றும் உடையவர். சபையிற் பெரும்பான்மை கிட்டாதாக, அவர் தலைவரது ஆணையைக் கொண்டே வரியும் செலவும் நடத்தினார். சபை அவ்வாணையை நீக்கிய பொழுது, சபையையே கலைத்துத் தேர்தல் நடத்துவித்தார். அத்தேர்தலில், 12 இடமே பெற்றிருந்த நாஜிக் கட்சி 107 இடம் பெற்றது. 1932-ஆம் ஆண்டு முழுமையிலும் சபை இயற்றிய சட்டங்கள் ஐந்தே. ஆணைகளோ அதனிற் பன்மடங்கு. மக்கள் சபையின்றியே நாட்டை ஆளலாம் என்னும் பழக்கத்தை ஹிட்லர் புதிதாகக் கொண்டுவந்தானல்லன். அவன் வருமுன்னரே அது வேரூன்றி விட்டது. நல்லோர் ஒருவர் நற்கருத்துடன் உண்டாக்கிய வழக்கம், தீயோர்க்குச் செப்பனிட்ட பாதையாய் முடிந்தது.

நாஜிக் கட்சி சமயத்தை எதிர்த்து வாக்குக் கேட்டதில்லை. 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட தன் கொள்கை விளக்கத்திலேயே, எச்சபையையும் சாராத ஒருவகைக் கிறிஸ்தவத்தைத் தான் ஆதரிப்பதாக அது கூறியிருந்தது. பொதுவுடைமைக் கட்சியார் ஆட்சிக்கு வந்தால் உருசிய நாட்டிற்போல் கோயில்கள் இடிக்கப்படும் என்னும் அச்சத்தை அக்கட்சியார் ஊர்தோறும் வளர்த்தனர். புரொட்டஸ்டாண்டார் மிக்க நாட்டுப்புறங்களில் அக்கட்சிக்கு வாக்குகள் குவிந்தன. கத்தோலிக்கர் மிக்க இடங்களில் அத்துணைக் கிட்டவில்லை. மேற்றிராணிமார் பலர் தம் மக்கள் அக்கட்சியிற் சேர்தலை அந்நாளில் தடுத்திருந்தமையும் அதற்குக் காரணமாகும். 1932-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தேர்தலில் நாஜிகள் நூற்றுக்கு 37 பங்கு வாக்குப் பெற்றனர். நவம்பரில் அது 33 பங்காய்க் குறைந்தது. குறைந்துவரும் அக்கட்சியைத் தம் கைப்பாவையாக்கி ஆளலாம் என்று கருதிய பாப்பன் முதலியோர் ஹிண்டன்பர்க்கை இசைவித்தனர். 1933-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் முதன் மந்திரியானான். இந்தப் பாப்பனும் மத்தியக் கட்சியில் நெடுங்காலம் இருந்தவரே.

இனி நிகழ்ந்தவற்றை நாள்முறையே கூறுவோம். பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு பிரதிநிதி சபைக் கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, பத்திரிகையுரிமை, கூட்டுரிமை, ஆளுரிமை யாவும் 48-ஆம் பிரிவின்படி நிறுத்தப்பட்டன. மார்ச்சு 5-ஆம் நாள் தேர்தல் நடந்தது. அத்துணை அச்சுறுத்தலிலும் நாஜிகள் பெற்றது நூற்றுக்கு 43.9 பங்கே. மார்ச்சு 21-ஆம் நாள் பாட்ஸ்டம் நகரில், பிரஷ்ய மன்னர் அடக்கம் செய்யப்பட்டிருந்த படைக்கோயிலிற் புதிய சபையின் தொடக்க விழா நடந்தது. மணி முழங்கிற்று, இறைப்பாடல் எழுந்தது, இராணுவ உடையணிந்த முதிய ஹிண்டன்பர்க்கின் முன் ஹிட்லர் எளிய குடிமகன் உடையில் தலைவணங்கி நின்றான். பழைய பக்தியும் புதிய வலிமையும் கைகோத்தன என்று கண்டோர் மகிழ்ந்தனர். அதற்கு மறுநாளே, மார்ச்சு 22-ஆம் நாள், தாகௌ என்னும் ஊரில் அரசியல் எதிரிகளை அடைக்கும் சிறைப்பாசறை திறக்கப்பட்டது.

மார்ச்சு 23-ஆம் நாளே கரை உடைந்த நாள். சபையின் ஒப்புதலின்றி மந்திரிசபையே சட்டம் இயற்றலாம். அச்சட்டம் அரசியல் சட்டத்திற்கு மாறுபடினும் செல்லும் என்னும் மசோதா அன்று வந்தது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பொதுவுடைமைக் கட்சியினர் 81 பேரும் உள்ளே விடப்படவில்லை. சபை கூடிய மண்டபத்தில் நாஜிகளின் தொண்டர்படை சூழ்ந்து நின்றது. ஹிட்லர் தன் பேச்சில், கிறிஸ்தவ சபைகள் இரண்டும் நாட்டின் அறவாழ்விற்கு அடிப்படை என்றும், அவற்றின் உரிமைகளும் பள்ளிகளில் அவற்றிற்குரிய இடமும் காக்கப்படும் என்றும் உறுதி கூறினான். மத்தியக் கட்சியின் தலைவர் அப்பொழுது காஸ் என்னும் குருவாவார். எழுத்து வடிவில் உறுதி வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். கடிதம் வருகின்றது என்றனர். வாக்கெடுப்பு முடியுங்காறும் அது வரவில்லை. கட்சிக்குள்ளே புரூனிங் உள்ளிட்ட சிலர் இச்சட்டம் கூடாதென்று வாதாடினர். முடிவில் ஒற்றுமை குலையலாகாது என்று கருதி அனைவரும் ஆம் என்றே வாக்களித்தனர். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் ஒருவரே எழுந்து எதிர்த்துப் பேசினார். அவர் கட்சியினர் 94 பேர் எதிர்த்து வாக்களித்தனர். ஆதரித்தோர் 444 பேர். மத்தியக் கட்சியும் பவேரிய மக்கள் கட்சியும் சேர்ந்து ஏறத்தாழ 90 வாக்குகள். 538-இல் மூன்றில் இரண்டு பங்கு 359. அவ்விரு கட்சியாரும் மறுத்திருந்தால் அன்றைய கணக்குப்படி மசோதா தோற்றிருக்கும் என்பதனை அன்பர்களே கழித்துப் பார்த்து அறியலாம்.

வாளேந்தியோர் சூழ நின்ற வேளையில் மறுத்தல் எளிதோ என்று சிலர் வினவுவர். எளிதன்று, அதனை மறுத்துரைப்பார் யாருமிலர். ஆயினும் அந்த 94 பேரும் அம்மண்டபத்திலேதான் இருந்தனர். அவர்க்கும் மனைவி மக்கள் இருந்தனர். மத்தியக் கட்சியாரை வளைத்தது அச்சம் மட்டுமன்று. எம் பள்ளி காக்கப்படும், எம் சங்கம் காக்கப்படும் என்னும் பேரமும் ஆகும்.

அப்பேரத்தால் அவர் பெற்றதனைக் காண்போம். மார்ச்சு 28-ஆம் நாள் மேற்றிராணிமார் தம் பழைய தடையை நீக்கிக் கொண்டனர். ஜூன் 22-ஆம் நாள் சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. ஜூலை 5-ஆம் நாள் மத்தியக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஆம் என்று வாக்களித்து நான்கு மாதமும் நிரம்பவில்லை! பிஸ்மார்க்கின் கொடுமைக்கு அழியாது 62 ஆண்டு நின்ற கட்சி அது. ஜூலை 14-ஆம் நாள் நாஜிக் கட்சியன்றி வேறு கட்சி கூடாதென்று சட்டம் வந்தது. ஜூலை 20-ஆம் நாள் போப்பாண்டவர் அரசுக்கும் ஜெர்மன் அரசுக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. கத்தோலிக்கரின் பள்ளிகளும் சங்கங்களும் காக்கப்படும் என்று அதன்கண் எழுதப்பட்டது. குருமார் அரசியலில் ஈடுபடலாகாது என்றும் எழுதப்பட்டது. பின்னது நிறைவேறிற்று; முன்னது நிறைவேறவில்லை. 1934-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் பெர்லின் நகரக் கத்தோலிக்கத் தொண்டர் தலைவர் கிளௌசனர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1939-ஆம் ஆண்டிற்குள் கத்தோலிக்க இளைஞர் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. சமயப் பள்ளிகளிற் பெரும்பாலனவும் மாற்றப்பட்டன. முறையிட வழக்குமன்றமும் இல்லை. எழுதப் பத்திரிகையும் இல்லை. வாக்களிக்கத் தேர்தலும் இல்லை. உடன்படிக்கை ஏட்டில் இருந்தது. அதனைக் காக்கும் சட்டமோ முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது.

புரொட்டஸ்டாண்டார் கதை வேறுவகையானது. அவருள் ஜெர்மன் கிறிஸ்தவர் என்னும் பெயரால் ஒரு கூட்டத்தார் எழுந்து, சபையும் அரசைப்போலவே ஒரே தலைவன்கீழ் அமைதல் வேண்டும் என்றனர். 1933-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் நடந்த சபைத் தேர்தலில் ஹிட்லரே வானொலியில் அவர்க்காகப் பேசினான். அவர் பெருவெற்றி பெற்றனர். செப்டம்பரில் கூடிய பிரஷ்யச் சபைப் பேரவை, யூத மரபிற் பிறந்தார் கிறிஸ்தவராயினும் பாதிரியாராய் இருத்தல் கூடாதென்று விதித்தது. ஞானஸ்நானம் பெற்றார் அனைவரும் ஒன்றே என்னும் தம் வேதநெறிக்கு இது மாறு என்று கண்ட பின்னரே பாதிரிமார் பலர் விழித்தெழுந்தனர். நீமொல்லர் என்பார் அவரை ஒரு கழகமாகத் திரட்டினார். ஏறத்தாழ 7000 பேர் சேர்ந்தனர். 1934-ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் பார்மன் நகரிற் கூடி, அரசு மாந்தர் வாழ்வு முழுமைக்கும் தானே தலைவன் எனல் தகாது என்று அஞ்சாது அறிக்கை வெளியிட்டனர்.

அவ்வறிக்கை போற்றத்தக்கதே. ஆயினும் அதன்கண் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் யூதரின் கடைவாயில்களிற் காவலர் நின்று கொள்வோரைத் தடுத்தபோதும், அதே மாதம் 7-ஆம் நாள் அவர் அரசுப் பணியினின்றும் நீக்கப்பட்டபோதும், இருசபைத் தலைமைகளும் வெளிப்படையாய் மறுத்துரைத்தில. போன்ஹோஃபர் என்னும் இளம்பாதிரியார் ஒருவர் மட்டும், அரசின் கொடுமைக்கு ஆளாவோர் எச்சமயத்தாராயினும் அவர்க்குத் துணைநிற்றல் சபையின் கடன் என்று அப்பொழுதே எழுதினார், கேட்டார் சிலரே. நீமொல்லரும் 1933-இல் நாஜிகளுக்கே வாக்களித்தவர். தம் சபையின் எல்லையிற் கைவைத்தபோது எதிர்த்தார். 1937-இற் சிறைப்பட்டு எட்டாண்டு அடைபட்டுக் கிடந்தார். தம் கூட்டத்தார் அல்லாதார் கொண்டுசெல்லப்பட்டபோது தாம் வாளாவிருந்தமையைப் போருக்குப் பின்னர்ப் பல மேடைகளிலும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வொப்புதலே அவரைப் பெரியோராக்கிற்று என்பது எம் கருத்து.

1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஹிண்டன்பர்க் இறந்தார். தலைவர் பதவியும் முதன் மந்திரி பதவியும் ஒருவன்பால் ஒன்றாயின. நாட்டுச் சட்டத்தின்பேரால் அன்றி, ஹிட்லர் பேரால் படைவீரர் ஆணையிட்டனர். குடியாட்சி முற்றும் ஒழிந்தது. பின்னர் எதிர்த்தோர் தனித்தனியே எதிர்த்து, தனித்தனியே வருந்தினர். 1937-இற் போப்பாண்டவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கண்டனத் திருமுகம் கத்தோலிக்கக் கோயில்தோறும் படிக்கப்பட்டது. 1941-இல் மேற்றிராணியார் காலன், மனநோயாளரைக் கொல்லும் கொடுமையை மேடையேறிக் கண்டித்தார். யூதர்க்காகப் பலரறிய வழிபாடு செய்த பெர்லின் குரு லிக்டன்பர்க் சிறைப்பட்டு, 1943-இல் தாகௌ செல்லும் வழியில் உயிர்நீத்தார். போன்ஹோஃபர் 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் அறத்துணிவைப் போற்றுவோம். அத்துணிவு 1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே பலர்பால் ஒருங்கு தோன்றியிருப்பின், உயிர்க்கொடை வேண்டாது வாக்குக்கொடையே போதுமாயிருந்திருக்குமன்றோ?

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் புரொட்டஸ்டாண்டுத் தலைவர்கள் ஸ்டட்கார்ட் நகரிற் கூடித் தம் குற்றத்தை ஏற்று அறிக்கை வெளியிட்டனர். 1949-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வெளியான மேற்கு ஜெர்மனியின் புதிய அரசியல் சட்டம் வைமார் சட்டத்தின் சமயவுரிமைப் பிரிவுகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய 48-ஆம் பிரிவு போன்ற ஆணையுரிமையைத் தலைவர்க்கு அது வழங்கவில்லை. மாந்தர் மாண்பும் குடியாட்சி முறையும் ஆகிய அடிப்படைகளை எத்துணைப் பெரும்பான்மையாலும் மாற்றலாகாது என்றும் விதித்தது. சமயவுரிமை வழுவன்று, கரையைக் காவாமையே வழு என்பதனை அம்மக்கள் பட்டறிந்து உணர்ந்தனர்.

இதனால் சமயமே குடியாட்சிக்குப் பகை என்று கூறுவார் பிழைபடக் கூறுவாராவர். காஸும் குரு, லிக்டன்பர்க்கும் குரு. ஒருவர் தம் நிறுவனத்தின் நலத்தை எண்ணினார். மற்றவர் தம் சமயம் கற்பித்த அறத்தை எண்ணினார். நிறுவனத்தைக் காக்கும் பொருட்டு அறத்தை விட்டபோது இரண்டும் போயின.

இவ்விதழைப் படிக்கும் அன்பர்களிற் பலர் ஏதேனும் ஒரு சங்கத்தின் நலம் பேணுவோர். தம்மவர்க்குப் பள்ளி வேண்டும், மாணவர் விடுதி வேண்டும், உதவித்தொகை வேண்டும் என்று உழைப்போர். யாமும் அவ்வுழைப்பிற் பங்குடையோம்; அது நற்பணியே. ஆனால் ஆள்வோர் எவராயினும், உங்கள் பள்ளியைக் காப்போம், பொதுவுரிமையை எமக்குத் தாரும் என்று கேட்பாராயின், அன்று நாம் விழித்துக்கொள்ளல் வேண்டும். பிறனொருவன் உரிமை பறிபோம் நாளில், அவன் நம்மவன் அல்லன் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் எழுமாயின், 1933-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாளை நினைத்தல் வேண்டும். மடைகாப்போர் அனைவரும் கரைமேல் ஒருங்கு நிற்பாராக. அதுவே ஊருக்கும் நலம், மடைக்கும் நலம்.